மஞ்சள் மண்ணில் ஊற்றிய வினிகர்

மண்ணைத் தின்பதற்காக ஒரு சனிக்கிழமையைச் செலவழித்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு சிட்டிகைதான். முன்பற்களுக்கு நடுவில் வைத்து மெதுவாகக் கடித்தேன். யசோதைக்குத் தெரிந்த மாதிரி ஈரேழு உலகமெல்லாம் தெரியவில்லை, நறநறவென்றது, அவ்வளவுதான். ஆனால் அந்த நறநறப்பைத் தேடித்தான் போயிருந்தேன். சுத்தமான களிமண் பல்லில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். மணலோ கையில் எடுத்தாலே உறுத்தும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. விரலுக்கு மாவு, பல்லுக்கு மணல். அதுதான் வண்டல். நிலவியல்காரர்கள் களத்தில் மண்ணைக் கடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். நான் நிலவியல்காரன் இல்லை. படித்துக் கேள்விப்பட்டதைச் செய்து பார்க்கிற ஆசாமி.

அலுவலக வேலையாக ஐந்து மாதம் சீனாவின் சியான் நகரத்தில் இருக்க நேர்ந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் நண்பர்கள் அத்தனை பேரும் விக்ரமை வைத்து ஒரு ஜோக் சொன்னார்கள், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். போய்ச் சேர்ந்தது வசந்த காலத் தொடக்கத்தில். ஒருநாள் காலையில் பால்கனியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைச் சாயங்காலம் எடுத்தால் மஞ்சள் பூத்திருந்தது. துவைத்தது சரியில்லையோ என்று முதலில் நினைத்தேன். மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். “ஹுவாங்து” என்றார். மஞ்சள் மண். வடமேற்கே பாலைவனத்துப் பக்கமிருந்து காற்றில் வருகிறது. “26 லட்சம் வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. உங்கள் சட்டைக்காக நிறுத்த முடியுமா?”

அந்த எண்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் இதைக் ‘காற்றடி வண்டல்’ என்று படித்திருக்கிறேன். ஒரு மதிப்பெண் கேள்விக்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது. உலகம் முழுக்க லோயஸ் என்கிறார்கள். ஜெர்மன் சொல். ரைன் ஆற்றங்கரைப் பக்கம் பொலபொலவென்று உதிரும் மண்ணுக்கு அங்குள்ளவர்கள் வைத்திருந்த பேச்சு வழக்கிலிருந்து எடுத்தது. துகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரான் வரை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சீனாவின் லோயஸ் பீடபூமியில் இந்தத் துகள் 6.4 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆழம் பல இடங்களில் 100 மீட்டருக்கு மேல், சில இடங்களில் 300 மீட்டர்.

இவ்வளவும் காற்று கொண்டுவந்தது என்று முதலில் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. ஏரியில் படிந்தது, வெள்ளத்தில் வந்தது என்றெல்லாம் விளக்கங்கள் இருந்தன. 1868 முதல் 1872 வரை சீனாவில் சுற்றிய ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் ஃபொன் ரிக்தோஃபென் மண்ணுக்குள் இருந்த நத்தை ஓடுகளைப் பார்த்தார். எல்லாம் தரையில் வாழும் நத்தைகள். மலைச்சரிவு, பள்ளம் என்று பார்க்காமல் மண் போர்வை மாதிரி மூடியிருந்ததையும் பார்த்தார். தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் படியும். போர்வை போர்த்தத் தெரிந்தது காற்றுக்கு மட்டும். ‘பட்டுப்பாதை’ என்ற பெயரைப் பரப்பியவரும் இவரே. அந்தப் புகழில் மண் விஷயம் மறைந்துபோனது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். சட்டையைப் பார்த்துச் சிரித்த அதே சக ஊழியர்தான் தன் காரில் கூட்டிப்போனார். சியானிலிருந்து வடக்கே 200 கிலோமீட்டர் போல, லுவோச்சுவான். வழியில் மஞ்சள் பேரரசரின் சமாதி இருக்கும் ஹுவாங்லிங் வருகிறது, நிற்காமல் போனோம். லுவோச்சுவான் ஆப்பிளுக்குப் பெயர்போன ஊர். மேலே இருந்து பார்த்தால் சமதளம், கண்ணுக்கெட்டிய வரை ஆப்பிள் தோட்டம். இந்தச் சமதளத்தை அங்கே ‘யுவான்’ என்கிறார்கள். நடந்துகொண்டே இருக்கிறோம், திடீரென்று தரை முடிந்துவிடுகிறது. காலடியில் செங்குத்தாக ஒரு பள்ளத்தாக்கு. எதிர்ச்சுவரில் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக மண்.

படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எங்கள் ஊர் கரிசல் காடு. அப்பா நாலைந்து கிணறு வெட்டக் கூட நின்றவர். உடனே குரல் பதிவு வந்தது: “என்னப்பா, கிணறு வெட்டின மாதிரியில்ல இருக்கு? அந்தச் சிவப்புக்கு அடியில வெள்ளை வெள்ளையா இருக்கு பாரு, அது சுக்காங்கல்லு.” நான் அதைக் கவனிக்கவே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சிவப்புப் பட்டைக்கும் கீழே வெளிறிய முண்டு முண்டான கற்கள். சக ஊழியரிடம் கேட்டால், “இஞ்சிக் கல்” என்றார். சீனத்தில் அப்படித்தான் பெயராம். பார்க்க இஞ்சிக் கிழங்கு மாதிரியே இருக்கும். சுக்கும் இஞ்சிதானே என்று தோன்றியது. சொல்லாராய்ச்சிக்குள் போகிற தகுதி எனக்கில்லை, ஆனால் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே கல்லைப் பார்த்து ஒரே கிழங்கை நினைத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்தப் பட்டைகள் ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பனியுகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள யாராக இருந்தாலும் முதலில் பனி இருந்த இடத்துக்குத்தான் போவார்கள். அப்படித்தான் போனார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ப்ரெக்ட் பெங்க், எடுவார்ட் ப்ருக்னர் என்ற இருவர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தை அலசி, மொத்தம் நான்கு பனியுகங்கள் என்றார்கள். கியுன்ஸ், மிண்டல், ரிஸ், வூர்ம் என்று நான்கு ஆறுகளின் பெயரை வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது வேதவாக்காக இருந்தது. அதில் ஒரு கோளாறு. பனியாறு நகரும்போது தனக்கு முன்னால் கிடப்பதையெல்லாம் வழித்துக்கொண்டு போகும். முந்தின பனியாறு விட்டுப்போன குப்பை மேட்டை அடுத்தது வந்து நசுக்கிவிடும். ஒரே சிலேட்டை எச்சில் தொட்டு அழித்து அழித்து எழுதுகிற பிள்ளை மாதிரி. கடைசியில் நமக்குக் கிடைப்பது கடைசியாக எழுதியதும், சரியாக அழியாத இரண்டு மூன்று கீறல்களும்தான். பனியுகத்துக்குப் பனியே நல்ல சாட்சி இல்லை.

பனி எட்டாத இடத்தில் விழுந்த தூசியை யாரும் அழிக்கவில்லை. அது பேரேடு. மேலே மேலே ஏறிக்கொண்டே போனது, அவ்வளவுதான்.

இதை ஐரோப்பாவில் அழுத்திச் சொன்னவர் ஜார்ஜ் குக்லா. செக்கோஸ்லோவாக்கியாக்காரர். பிர்னோ நகரில் ‘சிவப்புக் குன்று’ என்று ஓர் இடம். செங்கல் சூளைக்காக மண் வெட்டி வெட்டிப் பெரிய சுவரே வெளியில் தெரிந்தது. லோயஸ் ஆராய்ச்சியில் பாதி செங்கல் சூளைக்காரர்கள் போட்ட பிச்சை என்பேன். அவர்கள் வெட்டவில்லை என்றால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? மஞ்சள் லோயஸ், அதன்மேல் காட்டு மண், மறுபடி லோயஸ், மறுபடி மண். மஞ்சளில் கிடைத்த நத்தைகள் குளிர்ந்த புல்வெளியில் வாழும் வகை. காட்டு மண்ணில் கிடைத்தவை மர நிழலும் ஈரமும் இல்லாமல் பிழைக்காதவை. நத்தை ஊர் விட்டு ஊர் வேகமாக ஓடாது, அதனால் பொய் சொல்லாது. நத்தையில் கரைகண்டவர் வொயென் லொசெக். இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழாகத் திரும்பியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்னால். அதன் சுவடு அந்தச் சுவரில் இருந்தது. அதற்கு மேலே மட்டும் எண்ணினால் எட்டுக் குளிர் சுற்றுகள். நான்கு எங்கே, எட்டு எங்கே! ஆழ்கடல் சேற்றைத் துளைத்து எடுத்தவர்களும் அதே சமயத்தில் அதே மாதிரி கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆல்ப்ஸ் நால்வர் அணி அதோடு ஓய்வு பெற்றது.

லுவோச்சுவானில் கதை இன்னும் நீளம். சுவரின் மொத்த உயரம் ஏறத்தாழ 130 மீட்டர். 1950களில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் இந்த மண்ணோடு இருந்தவர் லியு துங்ஷெங். அவரும் சூரிச்சைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் ஹெல்லரும் 1982ல் இந்தச் சுவரின் காந்தத் திசையை அடிமுதல் நுனிவரை அளந்து வெளியிட்டார்கள். பூமியின் காந்தப்புலம் எப்போதெல்லாம் திரும்பியது என்ற கணக்கோடு ஒப்பிட்டதில் அடிப்பகுதியின் வயது சுமார் 24 லட்சம் ஆண்டு என்று வந்தது. பின்னால் அது 26 லட்சத்தை ஒட்டித் திருத்தப்பட்டது. சக ஊழியர் அடித்த எண் அதுதான். முப்பதுக்கும் மேற்பட்ட லோயஸ்-மண் ஜோடிகள். லோயஸுக்கு எல், மண்ணுக்கு எஸ் என்று மேலிருந்து எண் போட்டிருக்கிறார்கள். நாம் நிற்பது எஸ் 0. நான் கடித்தது எல் 1, கடைசிப் பனியுகத்தின் தூசி.

நின்ற இடத்திலேயே ஒரு கணக்குப் போட்டேன். 130 மீட்டரை 26 லட்சத்தால் வகுத்தால் ஆயிரம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர். சோழர் காலத்திலிருந்து இன்றுவரை விழுந்தது ஒரு விரல் நீளம்கூடத் தேறாது. இது சராசரிதான், குளிர் காலங்களில் வேகமாகவும் வெப்பக் காலங்களில் மந்தமாகவும் விழுந்திருக்கிறது.

பட்டைகளை எப்படிப் படிப்பது? இரண்டு காற்றுகள் ஒரே சுவரில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஒன்று வாடை. குளிர்காலத்தில் சைபீரியா மேல் குளிர்ந்த கனத்த காற்று தேங்கி, அங்கிருந்து தெற்கே பாயும். பனியுகத்தில் இது இன்னும் மூர்க்கம். பாலைவனம் விரியும், புல் சாகும், பிடித்துவைக்க ஆளில்லாமல் தூசி எழும். பலமான காற்று பெரிய துகளையும் தூக்கிக்கொண்டு வரும். அதனால் லோயஸ் பட்டையில் துகள் பருமன் அதிகம். மற்றது கோடையில் தென்கிழக்குக் கடலிலிருந்து வரும் பருவக்காற்று. பனியுகத்தில் கடல் பின்வாங்கி, காற்றில் ஈரம் குறைந்து, மழை இவ்வளவு தூரம் உள்ளே எட்டிப் பார்க்காது. வெப்பக் காலத்தில் மழை வரும், புல் முளைக்கும், புழு நெளியும், விழுகிற கொஞ்சத் தூசியும் உடனே மண்ணாக மாறும். இரும்பு துருப்பிடித்துச் சிவக்கும்.

சிவப்பு மண்ணில் இன்னொரு வேடிக்கை. காந்தம் அருகில் வந்தால் அது லோயஸைவிடப் பல மடங்கு கூடுதலாக அசைந்து கொடுக்கும். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் மண்ணில் மிகப் பொடியான காந்த இரும்புத் துகள்கள் புதிதாகவே உருவாகின்றன. கையடக்கக் கருவி ஒன்றைச் சுவரில் வைத்துக்கொண்டே ஏறினால், ஏறி இறங்கும் ஒரு வரைபடம் கிடைக்கும். அது ஆழ்கடல் சேற்றின் வரைபடத்தோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. கடைசிப் பல லட்சம் ஆண்டுகளில் சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய அலை. அடியில் பழைய பகுதியில் 41,000 ஆண்டுக்கு ஒன்று, பூமியின் அச்சுச் சாய்வு கூடிக் குறையும் கணக்கு. ஏன் இடையில் தாளம் மாறியது என்பது இன்னும் சண்டை நடக்கும் கேள்வி. அந்த மாற்றத்தை ஒட்டித்தான் எல் 9 என்ற தடித்த, கரடுமுரடான பட்டை. சுமார் ஒன்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன், வடக்கே பனிப்பாளங்கள் முன்பைவிடப் பெருத்தபோது விழுந்தது. எனக்கு அந்த எல் 9ஐத் தொட்டுப் பார்க்க ஆசை. இறங்கும் வழியில் வழுக்கும் என்று கூட வந்தவர் விடவில்லை.

அந்தக் கருவி என்னிடம் இல்லை. வினிகர் இருந்தது. வழியில் நூடுல்ஸ் கடையில் மேசைக்கு ஒரு குப்பி கருப்பு வினிகர் வைத்திருந்தார்கள். கேட்டு ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தேன். லோயஸில் சுண்ணாம்பு கலந்திருக்கும். அமிலம் பட்டால் நுரைக்க வேண்டும். மஞ்சள் கட்டியில் ஊற்றினேன். காதருகே கொண்டுபோனால் மெல்லிய சுர்ர் சத்தம், சின்னச் சின்னக் குமிழ்கள். சிவப்புக் கட்டியில் ஊற்றினேன். ஒன்றுமே இல்லை. உறிஞ்சிக்கொண்டு கம்மென்று இருந்தது. எனக்கு அன்றைய பணம் அந்த நொடியில் வசூலாகிவிட்டது. பழைய மழை சிவப்பு மண்ணிலிருந்து சுண்ணாம்பைக் கழுவிக் கீழே இறக்கிவிட்டது. கீழே போய் அது உறைந்ததுதான் இஞ்சிக் கல், அப்பாவின் சுக்காங்கல். மழை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதற்கே அந்தக் கல் ஓர் அடையாளம். நாலைந்து கிணறு பார்த்த கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

இதையெல்லாம் கேட்டால் சுவர் தானே பேசுகிற மாதிரி இருக்கும். அப்படி இல்லை. அலாஸ்காவில் இதே காந்தக் கருவியை வைத்தால் தலைகீழாகக் காட்டுகிறது: லோயஸில் அதிகம், மண்ணில் குறைவு. அங்கே பலத்த காற்று கனமான இரும்புத் துகளை நேரடியாகக் கொண்டுவந்து போட்டது, ஈரத்தில் ஊறிய மண் இருந்ததையும் கரைத்துவிட்டது. சீனச் சூத்திரத்தை அப்படியே எடுத்துப்போனால் பனியுகத்தை வெப்பக் காலம் என்று எழுதிவிடுவோம். துகள் பருமனிலும் வில்லங்கம் உண்டு. பெரிய துகள் வந்தது காற்று பலத்ததாலா, பாலைவனத்தின் விளிம்பு பக்கத்தில் நகர்ந்து வந்ததாலா? இரண்டுக்கும் ஒரே விளைவு. அப்புறம் அந்த 7,80,000 ஆண்டுக்கு முந்தின காந்தப்புரட்டு. கடல் சேற்றில் அது ஒரு வெப்பக் காலத்தில் இருக்கிறது. லுவோச்சுவானில் எல் 8 என்ற குளிர்ப் பட்டையில் இருக்கிறது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நடந்த சம்பவம் இரண்டு பருவத்தில் எப்படி இருக்கும்? தூசி விழுந்த பிறகும் உள்ளே காந்தத் துகள்கள் நிலைபெறக் காலம் எடுக்கும், அதனால் சுவடு ஆழத்தில் பதிகிறது என்பது ஒரு பதில். எல்லோரும் அதில் திருப்தி அடைந்துவிடவில்லை. எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே இந்த மாதிரிப் பொருந்தாத இடங்களால்தான்.

பொருந்துகிற இடங்கள் சில சமயம் பயமுறுத்தும் அளவுக்குப் பொருந்துகின்றன. கடைசிப் பனியுகத்தில் வட அமெரிக்காவின் பனிப்பாளம் அவ்வப்போது உடைந்து, பனிப்பாறைப் பட்டாளமாக அட்லாண்டிக்கில் மிதந்தது. கடலடியில் அவை உதிர்த்த கற்கள் சாட்சி. 1995ல் ஸ்டீஃபன் போர்ட்டரும் ஆன் ஷிஷெங்கும் சீன லோயஸில் துகள் திடீரென்று பருத்த அடுக்குகளை எடுத்து அந்தச் சம்பவங்களோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. அட்லாண்டிக் குளிர்ந்தால் மேலைக்காற்று அந்தச் செய்தியை ஆசியாவைத் தாண்டிக் கொண்டுவருகிறது, வாடை வலுக்கிறது, சியானுக்கு வடக்கே துகள் பருக்கிறது. பதிலுக்கு ஆசியாவும் தூசி அனுப்பியிருக்கிறது. கிரீன்லாந்தின் நடுவில் பனியைத் துளைத்து எடுத்த உருளையில் பனியுகத் தூசி கிடைத்தது. அதன் ஐசோடோப்புகளைப் பார்த்தால் அது கிழக்காசியப் பாலைவனங்களிலிருந்து போனது. என் சட்டையில் படிந்த தூசிக்குக் கிரீன்லாந்தில் சொந்தபந்தம் இருக்கிறது.

குக்லாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அமெரிக்காவுக்குப் போன பிறகு, 1972ல், இன்னொரு விஞ்ஞானியோடு சேர்ந்து அதிபர் நிக்சனுக்குக் கடிதம் எழுதினார்: வெப்பக் காலம் முடியப்போகிறது, பூமி குளிரத் தொடங்கிவிட்டது, தயாராகுங்கள் என்று. சுவரில் வெப்பப் பட்டைகள் குறுகியவை, நம்முடையது ஏற்கனவே பத்தாயிரம் ஆண்டைத் தாண்டிவிட்டது என்பது அவர் வாதம். நடந்தது நேர்மாறு. இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேரேட்டில் இல்லாத ஒரு வரவை, புகைபோக்கியிலிருந்து வந்த கரியமில வாயுவை, பேரேட்டை வைத்து அவர் எப்படிக் கணித்திருக்க முடியும்?

திரும்பும்போது பள்ளத்தாக்கின் ஓரத்தில் கைவிட்டுப்போன குகை வீடுகள் தெரிந்தன. ‘யாவ்தொங்’. லோயஸ் செங்குத்தாக நிற்கும், மண்வெட்டியால் வெட்ட வரும். நனைந்தால் மட்டும் பொலபொலவென்று சரியும். கோடிக்கணக்கானவர்கள் தலைமுறை தலைமுறையாக இதற்குள் குடைந்து வாழ்ந்திருக்கிறார்கள். 1556ல் இந்தப் பகுதியில் வந்த நிலநடுக்கத்தில் 8,30,000 பேர் செத்தார்கள் என்கின்றன சீனப் பதிவுகள். பெரும்பாலும் இந்தக் குகைகள் இடிந்து.

சக ஊழியரின் தாத்தா வீடும் யாவ்தொங்தான். தாத்தா இடம் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொன்னார்: இஞ்சிக் கல் அடுக்கு ஒன்றைப் பார்த்து, சரியாக அதற்குக் கீழே குடைந்தாராம். கல் அடுக்கு மேலே இருந்தால் கூரை இறங்காது. சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் கட்டிலில் மல்லாந்து படுத்து, கூரையில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் கற்களை எண்ணுவாராம்.

“மொத்தம் எத்தனை?” என்றேன்.

“தெரியாது. பாதியில் தூங்கிவிடுவேன்.”